முன்பக்கம் சொல்லாததைப் பின்பக்கம் சொல்லும்

காத்தோங்கில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டியவர், பல ஆண்டுகளாக நீரிழிவு. அண்மையில் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, “சிறுநீரகம் தளர்கிறது, பாலைக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். “அப்ப சோயா பால் குடிக்கலாமாம்மா? பெட்டியில ‘ஏ’ போட்டிருக்கே!” என்று கேட்டார்.

அந்த ‘ஏ’ என்ன சொல்கிறது? 2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் நடப்பில் உள்ள நியூட்ரி-கிரேட் முறை, பானத்தின் சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்துத் தரம் பிரிக்கிறது. நீரிழிவுக்காரருக்கு அது உதவும். ஆனால் பாஸ்பரஸ், பொட்டாசியம் பற்றி அது எதுவும் சொல்லாது. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் கவனிக்க வேண்டியவை அவை இரண்டும்தான்.

ரத்தத்தில் பாஸ்பரஸ் தேங்கினால் எலும்பு பலவீனமாகும், ரத்தக் குழாய்கள் இறுகும், தோலில் அரிப்பெடுக்கும். ஒரு குவளை (240 மில்லி) பசும்பாலில் 200 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் உண்டு. எதுவும் சேர்க்காத சோயா பாலில் ஏறத்தாழ அதில் பாதிதான். அதிலும் பெரும்பகுதி ஃபைட்டேட் வடிவில் இருப்பதால் உடல் முழுமையாக உறிஞ்சாது. இதுவரை நல்ல செய்திதான்.

சிக்கல் பெட்டிப் பாலில் வருகிறது. கால்சியம் கூட்டவும், பால் திரியாமல் இருக்கவும் சில தயாரிப்புகளில் பாஸ்பேட் உப்புகளைச் சேர்க்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதியை உடல் அப்படியே உறிஞ்சிவிடும். பேரங்காடியில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ‘பாஸ்பேட்’ என்ற சொல்லோ, 339, 340, 341 அல்லது 450 முதல் 452 வரையிலான எண்களோ இருந்தால் வேறு பெட்டியை எடுங்கள். கால்சியம் கார்பனேட் (170) சேர்த்த வகைகளும் கிடைக்கின்றன.

காப்பிக்கடையில் அரைத்து விற்கும் சோயா பாலில் வழக்கமாகச் சர்க்கரை தாராளம். ‘கொசோங்’ கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

பொட்டாசியத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு குவளை சோயா பாலில் சுமார் 300 மில்லிகிராம் இருக்கும், பசும்பாலைவிடச் சற்றே குறைவு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருப்பவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சோயாவில் ஆக்ஸலேட்டும் இருப்பதால், சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.

ஒரே வீட்டில் இருவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் விடை ஒன்றாக இருக்காது. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவரைப் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். ரத்தச் சுத்திகரிப்பு செய்பவருக்கோ கூடுதல் புரதம் தேவை. ஒரு குவளை சோயா பாலின் 7 கிராம் புரதம் அவருக்கு நல்லது, ஆனால் அந்த 240 மில்லியும் அவருடைய அன்றாட நீர் அளவில் சேரும்.

அந்த அண்ணனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் சோயா பால் பெட்டியின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுங்கள். அடுத்த முறை உணவியல் நிபுணரைப் பார்க்கும்போது, ரத்தப் பரிசோதனை முடிவோடு அதையும் காட்டி, “எனக்கு எத்தனை குவளை?” என்று கேளுங்கள்.