புரியாத பாட்டையும் கேளுங்கள்!



போன கோடை விடுமுறையில் என் மகள் வயிற்றுப் பேரன் ஊருக்கு வந்திருந்தான். எட்டாம் வகுப்பு முடித்தவன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் நான் கண்ணயரும் நேரம் பார்த்து, போனில் ஏதோ ஒரு பாட்டைப் போட்டுவிட்டான். கிடார், டிரம்ஸ், ஆர்கன் எல்லாம் சேர்ந்து ஒரே முழக்கம். நடுவில் யாரோ பாடுகிறார். ஒரு வார்த்தை கூட விளங்கவில்லை.

"என்ன கண்ணு இது, ஒரே இரைச்சலா இருக்குது?" என்றேன்.

"ஜப்பான் பாட்டு அப்புச்சி. பன்னெண்டு நிமிஷத்துக்கு மேல ஓடும். முழுசாக் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க" என்றான்.

முப்பத்தாறு வருடம், "கேள்வியை முழுதாகப் படித்துவிட்டு விடை எழுது" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி ஓய்வு பெற்றவன் நான். அதையே பேரன் எனக்குத் திருப்பிச் சொன்னால் என்ன செய்வது? எழுந்து உட்கார்ந்து கேட்டேன். முதல் தடவை தலைவலிதான் வந்தது. மறுநாள் அவனே மறுபடி போட்டான். மூன்றாம் நாள் நானே, "அந்தப் பாட்டைப் போடு" என்றேன்.

அந்தக் குழுவின் பெயர் யோனின் பயாஷி. 1971இல் டோக்கியோவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கியது. நாங்கள் கேட்டது 1974இல் வெளிவந்த அவர்களுடைய இசைத்தட்டின் தலைப்புப் பாட்டு, 'இஷ்ஷோகு சோகுஹாட்சு'. தொட்டால் வெடித்துவிடும் நிலை என்பது அந்தச் சொல்லின் பொருள். பாட்டும் அப்படித்தான். மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று வெடிக்கும்.

பெயருக்கு என்ன பொருள் என்று தேடச் சொன்னேன். தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீடுகளில் நவராத்திரிக்குக் கொலு வைக்கிறோம் அல்லவா? ஜப்பானிலும் ஒரு கொலு உண்டு. மார்ச் 3ஆம் தேதி பெண் குழந்தைகளுக்காகக் கொண்டாடும் பொம்மைத் திருநாள் அது. சிவப்புத் துணி விரித்த படிகள். மேல் படியில் ராஜாவும் ராணியும், அடுத்த படியில் அரண்மனைப் பெண்கள் மூவர், அதற்கும் கீழே ஐந்து வாத்தியக்காரர்கள். ஒருவர் பாடுகிறவர், ஒருவர் குழல், மற்ற மூவரும் தாளவாத்தியம். அந்த ஐவருக்குப் பெயர் 'கோனின் பயாஷி', அதாவது ஐவர் மேளம். நம் பையன்கள் நாலு பேர்தானே, அதனால் 'யோனின் பயாஷி', நால்வர் மேளம் என்று வைத்துக்கொண்டார்கள். நம் கொலுவில் இருக்கிற செட்டியார் பொம்மை, போலீஸ்காரர் பொம்மை, மேளக்காரர் பொம்மை எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. கையில் கிடார் வைத்திருந்தாலும் பெயரை வீட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள் பாருங்கள்!

இந்த வகை இசைக்கு 'புரோகிரசிவ் ராக்' என்று பெயர். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் பிறந்தது. அதுவரை ராக் பாட்டு என்றால் மூன்று நிமிடம், ஒரே தாளம், திரும்பத் திரும்ப வரும் பல்லவி. கிங் கிரிம்ஸன், பிங்க் ஃப்ளாய்டு போன்ற குழுக்கள் அந்த வேலியைத் தாண்டின. பாட்டு பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நீண்டது. பாதியில் தாளம் மாறும், வேகம் மாறும், பாடுகிறவர் நிறுத்திக்கொள்ள வாத்தியங்கள் மட்டும் பேசும். நம் கச்சேரியில் ராகம், தானம், பல்லவி என்று ஒன்றையே முக்கால் மணி நேரம் விரிக்கிறார்களே, ஏறக்குறைய அந்த ஆசைதான் இதுவும்.

இந்த இசைத்தட்டுகள் ஜப்பானுக்குப் போனபோது அங்கே ஒரு பெரிய சண்டையே நடந்தது. 'ராக் இசையை ஜப்பான் மொழியில் பாட முடியுமா, இங்கிலீஷில்தான் பாட வேண்டுமா?' என்று 1970, 71 வாக்கில் பாடகர்களும் பத்திரிகைக்காரர்களும் வாதாடினார்கள். 'எங்கள் மொழியிலேயே பாடுவோம்' என்று பாடிக் காட்டிய ஹேப்பி எண்ட் என்ற குழுவைப் பெரியவர்கள் இன்றைக்கும் அங்கே மதிப்போடு நினைக்கிறார்கள். 'தமிழில் இது வராது' என்று நம் ஊரில் யாராவது சொன்னால் எனக்கு இந்தச் சண்டைதான் இனி நினைவுக்கு வரும்.

உங்கள் அம்மா, அப்பா, "பாட்டு, பாட்டுன்னு இருந்தாப் படிப்பு என்னாகறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களிடம் கென்சோ குழுவைப் பற்றிச் சொல்லுங்கள். 1974இல் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஷிமிசு யோஷிஹிசா என்பவர் தொடங்கிய குழு. பள்ளியின் பெயரைச் சுருக்கிக் குழுவுக்கு வைத்தார்கள்! நம் ஊரில் எந்த மாணவனாவது பள்ளிக்கூடத்தின் பெயரை இப்படி ஆசையாக வைத்துக்கொள்வானா என்று யோசித்தேன். (ஆசிரியர்களாகிய எங்கள் மீதும் தப்பு இருக்கலாம்.) ஷிமிசு கிடார் வாசிப்பவர், பாட்டு அமைப்பவர். தொழிலோ பல் மருத்துவம்! பல்லும் பிடுங்குகிறார், கிடாரும் மீட்டுகிறார். 1980இல் முதல் இசைத்தட்டு வந்தது, அதற்குப் பிறகும் பல வந்தன.

"வார்த்தை புரியலையே" என்கிறீர்களா? யோஷிடா தத்சுயா என்ற டிரம்ஸ்காரர் 1991இல் தொடங்கிய குழு ஒன்று இருக்கிறது. பெயர் கோயென்ஜி ஹ்யக்கேய். கோயென்ஜி என்பது டோக்கியோவில் ஒரு பேட்டை. 'கோயென்ஜியின் நூறு காட்சிகள்' என்று பொருள். இவர்கள் பாடுவது எந்த நாட்டு மொழியும் அல்ல, பாட்டுக்காகத் தாங்களே உண்டாக்கிய மொழி. அதனால் ஜப்பான்காரருக்கும் புரியாது, நமக்கும் புரியாது. இந்த ஒரு குழு முன்னால் நாமும் அவர்களும் ஒரே பெஞ்சுதான்!

இதையும் கேளுங்கள். ரஜினிகாந்த் நடித்த 'முத்து' 1995இல் இங்கே வந்தது. 1998இல் அதை டோக்கியோவில் திரையிட்டார்கள். வாரக்கணக்கில் கூட்டம். தமிழே தெரியாத ஜப்பான் மக்கள் ஏ.ஆர்.ரஹ்மானின் பாட்டுகளைக் கேட்டுத் தியேட்டரில் குதூகலித்தார்கள். நாம் அதைப் பெருமையாகப் பேசினோம், இன்னமும் பேசுகிறோம். அவர்கள் நம் பாட்டைப் புரியாமலே கேட்டார்கள் என்றால், அவர்கள் பாட்டு வரும்போது மட்டும் நாம் 'இரைச்சல்' என்று காதைப் பொத்திக்கொள்வது என்ன மரியாதை? எனக்கு அது சரியாகப் படவில்லை.

இன்னொரு செய்தி, சரஸ்வதி பூஜைக்குச் சொல்ல வேண்டியது. நம் சரஸ்வதி புத்த மதத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போயிருக்கிறாள். அங்கே அவள் பெயர் பென்சைத்தென். கையில் வீணைக்குப் பதிலாக 'பீவா' என்ற தந்தி வாத்தியம். 1970களின் நடுவில் ஒசாமு கிடாஜிமா என்ற கலைஞர் ராக் இசையோடு பீவா, மூங்கில் குழல் எல்லாம் சேர்த்து ஒரு இசைத்தட்டு கொண்டுவந்தார். அதற்கு வைத்த பெயர் 'பென்சைத்தென்'! நம் வீட்டுப் பெண் கடல் தாண்டிப் போய் வாழ்ந்து, பேரன் போனில் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். சில குழுக்கள் இங்கிலாந்துக்காரர்களை அப்படியே காப்பி அடித்திருக்கிறார்கள். பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதிய விடை மாதிரி, கொஞ்சம் கேட்டாலே தெரிந்துவிடும். சில பாட்டுகள் ஜவ்வு மிட்டாய், இழுத்துக்கொண்டே போகும். கோயென்ஜி ஹ்யக்கேய் எனக்கு இன்னும் பாதிதான் பிடிபடுகிறது, பேரனுக்கோ அதுதான் உயிர். சத்தம் பிடிக்காதவர்கள் கிடாரோவிலிருந்து தொடங்கலாம். ஃபார் ஈஸ்ட் ஃபேமிலி பேண்ட் என்ற குழுவில் கீபோர்டு வாசித்தவர், பிறகு தனியாக மென்மையான இசை அமைத்தவர். 1980இல் ஜப்பான் தொலைக்காட்சியில் வந்த 'பட்டுப் பாதை' தொடருக்கு இசை அவருடையது. அதைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கியும் போயிருக்கிறேன்.

நமக்கு இந்த இசை அவ்வளவு அந்நியமும் இல்லை. பெங்களூருவில் 2003இல் தொடங்கிய 'அகம்' என்ற குழு கர்நாடகக் கீர்த்தனைகளை இதே பாணியில் வாசிக்கிறது. அவர்களும் பெயரை வீட்டிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். இராசிபுரம், குமாரபாளையம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் வேறொன்று சொல்வேன். தறிப் பட்டறை வழியாக நடந்து போகும்போது நின்று கேளுங்கள். இரண்டு தறி பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒன்றின் அடியும் மற்றதன் அடியும் விலகி விலகிப் போய், ஒரு நொடி ஒன்றாக விழும், மறுபடி விலகும். இந்தக் குழுக்கள் வேண்டுமென்றே அதைச் செய்கின்றன. டிரம்ஸ்காரர் நாலு நாலாக எண்ணுவார், கிடார்காரர் ஏழு ஏழாக எண்ணுவார். எப்போது சந்திப்பார்கள்? இருபத்தெட்டில்! மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்று வகுப்பில் கேட்பீர்களே, இதற்கும்தான்.

ஏழு எண்ணுவது நமக்குக் கஷ்டமே இல்லை. 'தகிட தகதிமி' என்று சொல்லிக் கை தட்டிப் பாருங்கள். மூன்றும் நாலும் ஏழு. மிஸ்ர சாபு என்று பாட்டு வகுப்பில் சொல்லித் தருவார்கள். 'தக தகிட' என்றால் ஐந்து, கண்ட சாபு. பேரன் போட்ட ஒரு பாட்டுக்கு நான் இப்படித் தொடையில் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் கை அப்படியே நின்றுவிட்டது.

முப்பது வருடத்துக்கு முன்னால் என்னிடம் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் படித்தான். அவன் அப்பா மாரியம்மன் பண்டிகையில் ஜமாப் அடிப்பவர். பையன் கணக்கு வகுப்பில் பெஞ்சில் தட்டிக்கொண்டே இருப்பான். டக டக்கு, டக டக டக்கு என்று என்னவோ ஒன்று, எனக்குப் பிடிபடாது. "நிறுத்துடா இரைச்சலை" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் திட்டி, வாசலில் நிற்க வைத்தேன். அப்புறம் அவன் தட்டவில்லை. வகுப்பு அமைதியாகிவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன். அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவன் தட்டியது ஏழு. பிசகாத ஏழு. எனக்கு எண்ணத் தெரியாததை நான் இரைச்சல் என்றிருக்கிறேன்.

அவன் இப்போது நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். (பெரிய மனிதராகிவிட்டார், இனிமேல் 'அவர்' என்றே சொல்கிறேன்.) பேரனையும் கூட்டிக்கொண்டு போனேன். "ஐயா, வாங்க, வாங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கிவரச் சொன்னார். பழைய கதையை நான் எடுத்ததும் சிரித்தார். "அதெல்லாம் அப்பவே விட்டாச்சுங்கய்யா. எங்கப்பாவோட போச்சு" என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பேரன் போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டான். வெல்டிங் சத்தத்துக்கு நடுவே சரியாகக்கூடக் கேட்கவில்லை. அவர் போனைக் காதோரம் வாங்கி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மற்றொரு கை, பக்கத்தில் கிடந்த தகரத்தின் மேல் போயிற்று.

"ஏழுல போகுதுங்கய்யா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இந்த எடத்துல அஞ்சாயிருச்சு" என்றார்.

ஐந்தானதை நான் அதுவரை கவனிக்கவே இல்லை. பேரனும் கவனிக்கவில்லை. பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னேன்.