பனிக்கட்டியை அளந்து பார்!

ஏரியிலே தூண்டில் போடுவார்கள். ஆற்றிலே போடுவார்கள். கடலிலும் போடுவார்கள்.

தரையிலே ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்குள் தூண்டில் போடுவது உண்டா?

உண்டு. கனடா நாட்டில் உண்டு!

அங்கே குளிர்காலம் வந்தால் ஏரி தரையாகிவிடும். கோடையில் படகு போன இடத்தில் ஆட்கள் நடப்பார்கள். வண்டி ஓடும். விமானம்கூட வந்து இறங்கும்.

அந்த ஏரிக்கரையில் குளிர்காலம் முழுவதும் தங்கி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதை நம்பி வாழ்கிறார்கள்?

அளவை நம்பி வாழ்கிறார்கள். விறகை அளக்கிறார்கள். பனிக்கட்டியை அளக்கிறார்கள். பிடிக்கும் மீனையும் அளக்கிறார்கள். அளவு தப்பினால் அங்கே உயிர் போய்விடும்.

காட்டுக்குள் ஒரு விடுதி

ஒன்டாரியோ, கனடாவில் ஒரு மாகாணம். அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் 2½ லட்சம் ஏரிகள் இருக்கின்றன.

அதன் வடமேற்கு மூலையில் கெனோரா, ரெட் லேக் என்ற ஊர்கள் உள்ளன. அவற்றைத் தாண்டினால் காடு. பிறகு ஏரி. மறுபடியும் காடு. அங்குள்ள பல ஏரிகளுக்குச் சாலையே கிடையாது.

அந்த ஏரிக்கரைகளில் மரத்தால் கட்டிய விடுதிகள் இருக்கின்றன. கோடையில் வெளியூர்க்காரர்கள் மீன் பிடிக்க வந்து தங்குவார்கள். குளிர் வந்ததும் பல விடுதிகளை மூடிவிடுவார்கள். சில விடுதிகள் குளிர்காலத்திலும் திறந்திருக்கும்.

மூடிய விடுதியிலும் காவலுக்கு ஒருவரோ ஒரு குடும்பமோ தங்குவது உண்டு. கூரை மீது குவியும் பனியை வாரித் தள்ளாவிட்டால், பாரம் தாங்காமல் கூரை இறங்கிவிடும்.

குளிர் எப்படி இருக்கும்? கடுங்குளிர் நாளில் பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரி! சென்டிகிரேடு கணக்கிலும் அது 40தான். பாரன்ஹீட் கணக்கிலும் 40தான். இரண்டு கணக்கும் ஒன்றாகச் சேரும் இடம் அது ஒன்றுதான்.

அந்தக் குளிரில் கண் இமையில் பனி ஒட்டிக்கொள்ளும். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால், விரல் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும்.

பொன்னைவிட விறகு பெரிது

அங்கே வீட்டைச் சூடாக்குவது விறகு அடுப்பு. இரவும் பகலும் அது எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

குளிர் வந்த பிறகு விறகு வெட்டலாம் என்று இருந்தால் தீர்ந்தது கதை! முன்கூட்டியே மரத்தை வெட்டிப் பிளந்து, அடுக்கி, காயவைக்க வேண்டும். பச்சை விறகு புகையும், சூடு தராது. அதன் புகை குழாயில் கரியாகப் படியும். ஒருநாள் அந்தக் கரி தீப்பிடித்து வீட்டையே எரித்துவிடும்.

எத்தனை அடுக்கு விறகு வேண்டும்? மாவு எத்தனை மூட்டை? மருந்து, மண்ணெண்ணெய் எவ்வளவு? எல்லாவற்றையும் முன்பே கணக்குப் போட்டு வாங்கி வைக்க வேண்டும். பிப்ரவரியில் விறகு தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்க முடியாது. பக்கத்து வீடு பல மைலுக்கு அப்பால் இருக்கிறது.

குடிதண்ணீர்? ஏரிதான் கிணறு. பனிக்கட்டியில் ஓட்டை போட்டு வாளியால் மொண்டு வருவார்கள். ஓட்டை உறைந்துபோகாமல் இருக்க, அதன்மேல் பலகை போட்டுப் பனியால் மூடி வைப்பார்கள். பனியே தண்ணீருக்குப் போர்வை!

விமானம் வராத வாரங்கள்

சாலை இல்லாத இடத்துக்குச் சிறிய விமானம்தான் வண்டி. 1947-இல் முதன்முதலாகப் பறந்த ‘பீவர்’ என்ற கனடா விமானம் இன்றும் அந்தக் காட்டுக்கு மேலே பறக்கிறது.

கோடையில் அதற்கு மிதவை பொருத்துவார்கள். அது தண்ணீரில் இறங்கும். குளிர்காலத்தில் மிதவையைக் கழற்றிவிட்டுச் சறுக்குப் பலகை பொருத்துவார்கள். அது பனிக்கட்டியில் இறங்கும்.

ஆனால் நடுவிலே ஒரு காலம் இருக்கிறது. ஏரி உறையத் தொடங்கியிருக்கும், முழுவதும் உறைந்திருக்காது. மிதவையும் உதவாது, சறுக்குப் பலகையும் உதவாது. படகு போகாது. காலால் நடக்கவும் முடியாது.

குளிர்கால முடிவில், பனிக்கட்டி உருகும்போதும் இதே நிலைதான். ஆண்டுக்கு இரண்டு முறை, சில வாரங்கள், அந்த விடுதி உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்ட தீவு!

பல் வலித்தால் கைமருந்துதான். பெரிய ஆபத்து என்றால் ஹெலிகாப்டரைக் கூப்பிடலாம். மேகமும் காற்றும் இடம் கொடுத்தால்தான் அதுவும் வரும்.

அவசரக்காரனுக்கு அங்கே இடம் இல்லை. ஏரி உறைகிற வரையில் காத்திருக்கத்தான் வேண்டும்.

கையிலே கடப்பாரை

ஏரி உறைந்துவிட்டது. வெள்ளை வெளேர் என்று கண்ணுக்கு எட்டிய தூரம் பரந்து கிடக்கிறது. இறங்கி நடக்கலாமா?

கூடாது! முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

கையில் கடப்பாரையோடு ஒருவர் முன்னே போவார். ஓர் அடி வைப்பதற்கு முன்னால் கடப்பாரையால் குத்திப் பார்ப்பார். துளை போட்டு, எவ்வளவு கனம் என்று அளப்பார்.

எவ்வளவு கனம் வேண்டும்? கனடா செஞ்சிலுவைச் சங்கம் கணக்குச் சொல்லியிருக்கிறது. ஒருவர் நடக்கக் குறைந்தது 6 அங்குலம். பலர் சேர்ந்து நிற்க 8 அங்குலம். பனியில் ஓடும் மோட்டார் வண்டிக்கு 10 அங்குலம்.

இந்தக் கணக்கு தெளிந்த நீல நிறப் பனிக்கட்டிக்கு மட்டுமே. வெள்ளை நிறக் கட்டிக்கு அதில் பாதி வலுதான். சாம்பல் நிறமாக இருந்தால் காலே வைக்கக்கூடாது.

ஒரே ஏரியில் கனம் இடத்துக்கு இடம் மாறும். ஓடை வந்து விழும் இடத்திலும், நீரோட்டம் உள்ள குறுகலான இடத்திலும் கட்டி மெலிந்திருக்கும். நேற்று நடந்த வழிதானே என்று இன்று அளக்காமல் நடந்தவன் உள்ளே போய்விடுவான்.

விழுந்துவிட்டால்?

மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் தாமே பனித்தண்ணீரில் பலமுறை இறங்கிச் சோதனை செய்தவர். அவர் சொல்லும் கணக்கு 1–10–1.

முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கும். பயந்து கத்தாமல் மூச்சை அடக்கி ஆள வேண்டும். அடுத்த 10 நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும். அதற்குள் கரையேற வேண்டும். நினைவு தப்ப 1 மணி நேரம் ஆகும். ஆகவே, நம்பிக்கையை விடாதே!

எப்படி ஏறுவது? வந்த பக்கமே திரும்ப வேண்டும். அந்தப் பக்கம்தான் உன்னைத் தாங்கிய கட்டி இருக்கிறது. காலை உதைத்து, வயிற்றால் தவழ்ந்து ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்கக்கூடாது. உருண்டே விலக வேண்டும். இதற்காகவே ஏரி மீது போகிறவர்கள் கூர்முனை உள்ள இரண்டு பிடிகளைக் கழுத்தில் மாலை போல மாட்டிக்கொண்டு போகிறார்கள். கட்டியில் குத்திப் பற்றிக்கொள்ள அது உதவும்.

ஓட்டைக்குள் தூண்டில்

மேலே இவ்வளவு குளிர். கீழே மீன் எப்படி உயிரோடு இருக்கிறது?

தண்ணீருக்கு ஒரு விந்தைக் குணம் உண்டு. 4 டிகிரி சென்டிகிரேடில்தான் அது மிகவும் கனமாக இருக்கும். அதற்கும் குளிர்ந்தால் இலேசாகி மேலே வந்துவிடும். உறைந்த கட்டியும் மிதக்கும். ஆகவே ஏரி மேலிருந்து கீழே உறைகிறது. ஆழத்தில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. மீன் பிழைத்துக்கொள்கிறது!

‘பர்பட்’ என்ற மீன் நடுக் குளிர்காலத்தில், பனிக்கட்டிக்கு அடியில்தான் முட்டையிடும்.

தச்சர் வைத்திருக்கும் துறப்பணத்தைப் பெரிதாக்கியது போன்ற கருவியால் துளை போடுவார்கள். மிதக்கும் கட்டித்தூளை ஜல்லிக் கரண்டியால் அள்ளி எறிவார்கள். முழம் இரண்டு முழம் நீளமுள்ள குட்டைத் தூண்டில் போதும். முள்ளில் பொடிமீனைக் கோத்து இறக்குவார்கள்.

துளைக்கு மேலே சிறிய கூடாரம். உள்ளே சின்ன அடுப்பு. சிலர் துளையோரம் கொடி கட்டிய விசையை வைப்பார்கள். மீன் இரையை இழுத்ததும் கொடி விருட்டென்று எழுந்து நிற்கும். குழந்தைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுவார்கள்.

திடீரென்று இடி இடித்தது போலச் சத்தம் கேட்கும். புதிதாக வந்தவர் நடுங்கிப்போவார். உள்ளூர்க்காரர் சிரிப்பார். குளிர் ஏறி இறங்கும்போது பனிக்கட்டி விரிந்தும் சுருங்கியும் முழங்குகிறது, அவ்வளவுதான்.

நாலு மீன், அதற்கு மேல் கூடாது

மீன் நிறைய இருக்கிறது என்று வாரிக்கொண்டு போக முடியுமா? முடியாது.

விளையாட்டாக மீன் பிடிப்பவருக்கும் லைசென்சு உண்டு. அங்கே எல்லோரும் விரும்பிச் சாப்பிடும் மீன் ‘வால்-ஐ’. ஒன்டாரியோவில் பல வட்டாரங்களில் ஒருவர் 4 வால்-ஐ வைத்துக்கொள்ளலாம். குறைந்த அளவு லைசென்சு என்று ஒன்று உண்டு. அதை வாங்கியவருக்கு 2 தான். வடமேற்கு வட்டாரங்களில், அந்த மீன்களில் ஒன்று மட்டுமே 46 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இருக்கலாம்.

பெரிய மீனை ஏன் விடச் சொல்கிறார்கள்? பெரிய வால்-ஐ பெரும்பாலும் பெண் மீன். ஏராளமாக முட்டையிடும் தாய் அது. தாயை விட்டால் ஏரி நிறையும்.

ஏரி டிரௌட் மீனோ மிக மெதுவாக வளரும். வடக்கே சில குளிர்ந்த ஏரிகளில் அது முட்டையிடும் பருவத்துக்கு வரப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். பிடிப்பதற்கு ஒரு நிமிடம். வளர்வதற்குப் பத்து ஆண்டு!

அளவை மீறியவர் யார்?

ஒரு மீன் கூடுதலாகப் பிடித்தால் குற்றம். சரிதான். ஆனால் எல்லோரும் அளந்து நடந்தார்களா?

கெனோராவுக்குக் கிழக்கே டிரைடன் என்ற ஊர் இருக்கிறது. 1962 முதல் 1970 வரை அங்குள்ள காகித ஆலையின் இரசாயனப் பிரிவு சுமார் 9,000 கிலோ பாதரசத்தை ஆற்றில் கொட்டியது.

சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தைக் கொடிய நஞ்சாக மாற்றின. நஞ்சு பொடிமீனுக்குப் போனது. பொடிமீனைத் தின்ற வால்-ஐக்குப் போனது. வால்-ஐயைத் தின்ற மனிதனுக்குப் போனது. கை நடுங்கியது. விரல் மரத்தது. பார்வை சுருங்கியது. ஜப்பானில் மினமாட்டா ஊரை வதைத்த அதே நோய்!

ஆற்றின் கீழ்ப்பக்கம் கிராசி நாரோஸ், வைட்டாக் என்ற ஊர்களில் ஒஜிப்வே பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மீன்தான் அவர்கள் உணவு. மீன்பிடி விடுதிகளில் வழிகாட்டி வேலைதான் பலருக்குப் பிழைப்பு. 1970-இல் அங்கே மீன் வியாபாரம் தடை செய்யப்பட்டது. பேர்பெற்ற விடுதி ஒன்றை அதன் சொந்தக்காரர் அந்த ஆண்டே மூடினார். உணவும் போயிற்று, வேலையும் போயிற்று.

1985-இல் நஷ்டஈட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆனால் ஆற்றுச் சேற்றில் பாதரசம் இன்றும் கிடக்கிறது.

தூண்டில்காரனுக்கு 4 மீன் என்று அளவு வைத்த உலகம், ஆலைக்கும் அளவு வைத்திருக்க வேண்டாமா?

மெலிந்துவரும் ஏரி

இப்போது இன்னொரு கவலை வந்திருக்கிறது. உலகம் சூடேறுகிறது. ஏரி தாமதமாக உறைகிறது, சீக்கிரம் உருகுகிறது.

2023–24 குளிர்காலம், கனடாவில் பதிவான குளிர்காலங்களிலேயே மிகவும் வெப்பமானது. ஒன்டாரியோவின் வட கோடியில் சுமார் 30 ஊர்களுக்குக் குளிர்காலத்தில் மட்டுமே சாலை உண்டு. உறைந்த ஏரியும் சதுப்பு நிலமும்தான் அந்தச் சாலை. எண்ணெயும் வீட்டுச் சாமானும் லாரியில் வருவது அப்போதுதான். அந்த ஆண்டு சாலை சரியாக உறையவில்லை. 2024 பிப்ரவரியில் அந்தப் பழங்குடி ஊர்களின் கூட்டமைப்பு நெருக்கடி நிலையை அறிவித்தது.

அந்த மக்கள் ஏரியைக் கெடுக்கவில்லை. அடுப்புக்கு வேண்டிய விறகை எரித்தார்கள். தின்பதற்கு வேண்டிய மீனைப் பிடித்தார்கள். எங்கேயோ இருப்பவர்கள் அளவில்லாமல் கரியும் எண்ணெயும் எரித்ததற்கு அவர்கள் காலடியில் பனிக்கட்டி மெலிகிறது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அந்த ஏரிக்கரைக் குடும்பம் பழமொழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கடப்பாரையால் குத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

கடப்பாரை பிடித்த மனிதன் ஒவ்வோர் அடியும் அளந்து வைக்கிறான். ஆலை நடத்துகிறவர்களும் ஆட்சி நடத்துகிறவர்களும் அதேபோல அளந்து வைக்க வேண்டும். அவர்கள் கால் தவறினால், தண்ணீரில் விழுவது அவர்கள் அல்ல. ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் ஏழைதான் விழுகிறான்.