பெயர் நீக்கத்தைக் கிராம சபையில் வாசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பீகாரில் 2025-இல் ராகுல் காந்தி நடத்தி முடித்த வாக்காளர் உரிமைப் பயணம் பற்றிய தங்கள் கட்டுரையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். நான் காங்கிரஸ்காரன் அல்ல. ஆனால் அங்கே அந்த ஆண்டு வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. விடுபட்டவர்களின் பெயரைக் காரணத்தோடு வெளியிடும்படி தேர்தல் ஆணையத்திடம் 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. இதைக் கட்சிச் சண்டை என்று எப்படி ஒதுக்குவது?

பீகாரில் மட்டுமல்ல, இங்கும் இதே கதைதான். எங்கள் ஏற்காடு, பழங்குடியினருக்கான தனிச் சட்டமன்றத் தொகுதி. 2024 ஏப்ரல் 19 அன்று, மக்களவைத் தேர்தலில், காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் என் பெரியம்மா மலைப்பாதையில் நான்கு கிலோமீட்டர் நடந்து ஓட்டுப் போட வந்தார். வாக்காளர் அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். பட்டியலில் பெயர் இல்லை என்றார்கள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "போன தடவை போட்டேனே சாமி" என்று மட்டும் சொன்னார். ஏன் நீக்கினார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இணையத்தில் பார்க்கலாமே என்பார்கள். எங்கள் மேட்டில் செல்போன் சிக்னலே எட்டாது.

அடுத்த கிராம சபையில் வாக்காளர் பட்டியலையும், நீக்கிய பெயர்களையும் காரணத்தோடு உரக்க வாசிக்கத் தேர்தல் அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். விடுபட்டவர்களிடம், பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ அங்கேயே நிரப்பி வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஏற்காடு.