எல்லா வலிப்பும் ஷெல் துண்டால் வந்ததல்ல

வன்னியில் வயதுவந்த ஒருவருக்கு முதன்முதலாக வலிப்பு வந்தால் அயலார் இரண்டு காரணங்களைச் சொல்வர்: 2009இல் பட்ட தலைக்காயம் அல்லது பேய். பேயை விட்டுவிடுவோம். தலைக்காயம் பல வேளைகளில் மெய்யான காரணமே. ஆனால் அந்த மெய் இன்னொன்றை மறைத்துவிடலாகாது என்பதே என் வாதம்.

பன்றி நாடாப்புழுவின் குடம்பி மூளையில் நீர்க்கட்டியாகத் தங்குவதும் வலிப்பைத் தரும். இலங்கையில் இது அரிது. இந்தியாவில் வலிப்புக்கான முக்கிய காரணங்களுள் ஒன்று. 1983க்குப் பின்னரும் 1990இலும் படகேறிச் சென்ற நம்மவர் பலர் தமிழகத்து முகாம்களில் நெடுங்காலம் வாழ்ந்து மீண்டவர்கள். இக்கட்டிகளோ ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் கிடக்கக்கூடியவை.

"பன்றியிறைச்சியே தொடாத எமக்கு இது எப்படி வரும்?" என்று கேட்போர் உண்டு. வேகாத இறைச்சியை உண்டவரின் குடலில் புழு வளர்கிறது. அவரது மலத்தோடு வெளியேறும் முட்டை, கழுவாத கையால் பிறர் உணவில் சேரும்போதுதான் மூளையில் கட்டி உண்டாகிறது. பன்றியை விலக்கிய நியூயோர்க் யூதர் நால்வருக்கு இந்நோய் வந்ததை 1992இல் ஆய்வாளர் வெளியிட்டனர். வீட்டுப் பணியாளர் வழியாகத் தொற்றியிருக்கலாம் என்பது அவர்களின் முடிவு.

தவறான நோயறிதலுக்கு என்ன விலை என்பதை வேலூர் காட்டியது. வலிப்போடு வந்தவரின் சி.ரி. ஸ்கானில் ஒற்றைச் சிறு புள்ளி தெரிந்தால் அதைக் காசநோய்க் கட்டி என்று கொண்டு, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்துவந்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மத்தேயு சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலானோர் அத்தகைய கட்டிகளை வெட்டிச் சோதித்தபோது, பெரும்பாலானவை அழிந்துகொண்டிருந்த நாடாப்புழுக் கட்டிகள் எனக் கண்டு 1989இல் 'லான்செற்' இதழில் எழுதினர். அவற்றுள் பல, வலிப்பு மருந்தோடு சில மாதங்களில் தாமாகவே கரைந்துவிடுபவை.

வன்னிக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. கட்டியைத் துல்லியமாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கான், முள்ளந்தண்டில் கட்டி என்றால் அதுவே வேண்டும். உடலில் இரும்புச் சன்னம் உள்ளவரை அந்தக் காந்தத்துக்குள் அனுப்புவது ஆபத்தாகலாம், கண்ணருகிலோ மூளையிலோ இருந்தால் இன்னும் கூடுதலாக. ஆகவே வலிப்பு நோயாளரின் கிளினிக் அட்டையில் இரு கேள்விகள் இடம்பெற வேண்டும் என்பேன்: இந்தியாவில் வாழ்ந்தீர்களா? உடலில் ஷெல் துண்டு உண்டா? முதலாவது எவரையும் ஒதுக்குவதற்கல்ல. மூளையில் கட்டியுள்ளவரிடமிருந்து நோய் நேராகத் தொற்றாது.

இன்னொன்று. கடையில் பூச்சிக் குளிசை வாங்கி விழுங்கித் தீர்க்கும் காரியமன்று இது. அல்பென்டசோல் உயிருள்ள கட்டியைக் கொல்லும்போது மூளை வீங்கும். ஆதலால் ஸ்ரெரோயிட் மருந்தும் சேர்த்தே கொடுப்பர். கண்ணுக்குள் கட்டி இருந்தால் பார்வையே போகலாம் என்பதால் கண்ணை முன்னதாகச் சோதிப்பர். மூளைநீர் தேங்கி அழுத்தம் கூடியிருந்தால் முதலில் சத்திரசிகிச்சை, புழு மருந்து பிறகு. வீட்டாரின் மலத்தையும் சோதித்து, குடற்புழு உள்ளவருக்கு வைத்தியர் நிக்குளோசமைட் கொடுப்பார்.