அரபியில் பகிடி விடும் சஞ்சிகைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

2011 ஜனவரியில் கெய்ரோவில் ஒரு சித்திரக்கதைச் சஞ்சிகை வெளிவந்தது. பெயர் "டொக்டொக்". நம்மட சந்தியில் நிற்கிற அதே முச்சக்கரவண்டிதான். முஹம்மத் ஷன்னாவியும் இன்னும் சில இளம் ஓவியர்களும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். வரைந்தவர்களே பதிப்பாளர்கள். சில கிழமைக்குள் தஹ்ரீர் சதுக்கத்தில் புரட்சி தொடங்கிவிட்டது.

அரபி என்றால் நமக்கு ஓதுகிற மொழி. இல்லாவிட்டால் கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போகிற பிள்ளை பெயர்ப்பலகையில் எழுத்துக்கூட்டி வாசிக்கிற மொழி. அந்த மொழியில் தெரு நெரிசலைப் பற்றியும் பொலிஸ்காரரைப் பற்றியும் மனிதர்கள் பகிடி விடுகிறார்கள் என்று நாங்கள் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

அரபுலகில் சித்திரக்கதை புதிதல்ல. எகிப்தில் 1956 முதல் "ஸமீர்", அபுதாபியில் 1979 முதல் "மாஜித்" என்று சிறுவர் சஞ்சிகைகள் இருந்தன. பெரிய நிறுவனங்களின் பணம், பிள்ளைகளுக்கான நல்ல புத்தி. பெரியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் படமாகப் பார்க்கத்தான் இடமிருக்கவில்லை. தனி ஓர் ஓவியரால் ஒரு புத்தகம் நிரப்பவும் முடியாது, அச்சகத்துக் கணக்கைத் தீர்க்கவும் முடியாது. பத்துப் பேர் ஆளுக்குச் சில பக்கம் போட்டால் ஒரு தொகுப்பு வந்துவிடும். நம்மட ஊர்ச் சீட்டு மாதிரித்தான்.

அப்படி 2007இல் பெய்ரூத்தில் தொடங்கியது "ஸமந்தல்". நீரிலும் நிலத்திலும் வாழ்கிற ஒரு பிராணியின் பெயர். படத்திலும் எழுத்திலும் வாழ்கிற சஞ்சிகைக்குப் பொருத்தம்தான். அரபி, பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் ஒரே இதழில். ஒன்று வலமிருந்து போகும், மற்றவை இடமிருந்து வரும். ஆகவே வாசிக்கிறவர் நடுவில் புத்தகத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இதை ஓர் இடைஞ்சலாக எடுக்காமல், திருப்புகிற அந்தப் பக்கத்தையே விளையாட்டாக்கிவிட்டார்கள். மும்மொழி நாட்டில் இருக்கிற நமக்கு இது தோன்றவில்லையே!

அந்தச் சஞ்சிகைக்கு வந்த சோதனையைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தோம். 2009 கடைசியில் வந்த 7ஆவது இதழில் இரண்டு கதைகள் கிறிஸ்தவ மதத்தை இழிவுபடுத்துகின்றன என்று பிரச்சினை எழுந்தது. ஒன்று லீனா மர்ஹஜ் வரைந்தது. லெபனானியர் கோபத்தில் பொருள் பார்க்காமல் சொல்கிற வசவுகளை அவர் சொல்லுக்குச் சொல் படமாக்கியிருந்தார். மதப் பிணக்கைத் தூண்டினார்கள் என்று மூன்று ஆசிரியர்கள் மீது வழக்கு. 2015இல் ஆளுக்கு 10 மில்லியன் லெபனான் லீரா தண்டம். மொத்தம் ஏறக்குறைய 20,000 டொலர். இப்படியான ஒரு சஞ்சிகைக்கு இது கடையை மூடுகிற தொகை. அவர்கள் மூடவில்லை. வாசகர்களிடம் பகிரங்கமாகக் கைநீட்டினார்கள். சஞ்சிகை தொடர்ந்தது. 2019இல் பிரான்சின் அங்குலேம் விழாவில் மாற்றுச் சித்திரக்கதைக்கான விருதும் கிடைத்தது.

மதத்தைச் சீண்டினால் தண்டிக்கத்தானே வேண்டும் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். மனம் புண்படுவது என்னவென்று நமக்கும் தெரியும். ஆனால் இப்படியான சட்டங்கள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் நமக்குத் தெரியும். 2019இல் ஹசலக்கவில் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி நம்மட சகோதரி ஒருவரை உள்ளே போட்டார்கள். "நவரசம்" என்ற கவிதை நூலை எழுதிய இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீமை 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023இல் விடுதலை. அந்த மாதங்களில் எத்தனை பேர் அந்த நூலைத் தேடி வாசித்தோம்? பெய்ரூத்தில் தண்டப் பணத்தில் பங்கெடுத்தார்கள். இங்கே நாம் முகநூலில் விருப்பக்குறி போடவே பயந்தோம். பயப்படக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை.

இன்னொரு விசயம், பேச்சு. "டொக்டொக்" எகிப்துக்காரர் வாயில் வருகிற அரபியில் பேசும். மொரோக்கோவின் "ஸ்கெஃப்கெஃப்" தங்கள் தாரிஜா பேச்சில் பேசும். அந்தப் பெயரே காஸாபிளாங்காவில் ஏழை எளியவர்கள் சாப்பிடுகிற ஒரு சாண்ட்விச்சின் பெயர். துனீசியாவின் "லாப் 619"இல் இருக்கிற இலக்கம் அந்நாட்டுப் பொருட்களின் பார்கோட் தொடங்குகிற இலக்கம். நம்மட பிள்ளை கட்டுரையில் "சாச்சி" என்று எழுதினால் சிவப்புப் பேனா அதை "சித்தி" ஆக்கிவிடும். உம்மாவும் வாப்பாவும் பரீட்சைத் தாளுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஒரு பேச்சுக்குமிழியில் எழுதினால் யாரும் திருத்த மாட்டார்கள். இந்தச் சஞ்சிகைகளில் எங்களுக்கு மிகப் பிடித்தது இதுதான்.

இவற்றில் எல்லாப் பக்கமும் பிள்ளைகளுக்கு உரியதல்ல. சிலதை நாங்களே வகுப்புக்குக் கொண்டுபோக மாட்டோம். உருவம் வரையக் கூடுமா என்று கேட்கப் போகிறவர்கள் ஆலிம்களிடம் கேளுங்கள். போனில் விடிய விடிய ஓடுவதும் உருவம்தான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

நம்மட பாடசாலை மலர் வருடத்துக்கு ஒன்று வருகிறது. அதில் பாதி வாழ்த்துச் செய்தி. மிச்சத்தில் பாதி விளம்பரம். நான்கு ஏ4 தாளை நடுவில் மடித்து இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தால் 16 பக்கம். போட்டோகொப்பிக் கடையில் ஒரு பின்னேரத்து வேலை. தரம் 9, 10 பிள்ளைகளில் ஆளுக்கு இரண்டு பக்கம் வரைய எட்டுப் பேர் தேடுகிறோம். ஆற்றங்கரை, சந்தை, ஓட்டோ, நோன்புக் கஞ்சி, எதுவும் சரி, அவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சில்.

பெற்றோரும் ஊரவரும் செய்ய வேண்டியது ஒன்று. ஒரு பிளேன்டீ, ஒரு ரோல்ஸ் வாங்குகிற காசைக் கொடுத்து ஒரு பிரதி வாங்குங்கள். இலவசப் பிரதி கேட்காதீர்கள். வாழ்த்துச் செய்தியும் வேண்டாம்.