மாட்டுப் பழக்கம் குதிரையிடம் உதவாது

கேள்வி: கொய்யாத் தோப்போடு இரண்டு குதிரைகளும் வைத்திருக்கிறேன். விடுமுறையில் பக்கத்துப் பிள்ளைகள் சவாரி பழக வருகிறார்கள். எத்தனை முறை எச்சரித்தாலும் மறந்துவிடுகிறார்கள். பாதுகாப்பை எப்படிச் சொல்லித் தருவது?
- வாசகர், ஆயக்குடி.

பதில்: நம் பகுதிப் பிள்ளைகள் மாட்டோடு வளர்ந்தவர்கள். அந்தத் தைரியம்தான் குதிரையிடம் ஆபத்து. மாடு பெரும்பாலும் ஒரு காலைப் பக்கவாட்டில் வீசி உதைக்கும். குதிரை இரண்டு பின்னங்கால்களாலும் நேராகப் பின்னால் உதைக்கும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் அதற்குச் சுற்றிலும் தெரியும். வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. அங்கே திடீரென்று கை பட்டால் மிரளும்.

'இதைச் செய்யாதே' என்ற பட்டியல் பதறும் நேரத்தில் நினைவுக்கு வராது. நடக்கக்கூடிய ஒரு சம்பவத்தைப் பாதி சொல்லி நிறுத்துங்கள். 'இப்போது நீ என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். ஏறும் முன், தரையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். சாதுவான குதிரையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கில் தொடங்கலாம்:

1. குதிரை தீனி தின்கிறது. பின்பக்கமாக நீ வருகிறாய்.
சரியான பதில்: தள்ளியே சுற்றி வந்து, குரல் கொடுத்து, இடது தோள்பட்டைப் பக்கமாக நெருங்க வேண்டும். காதுகள் பின்னால் ஒட்டி மடிந்திருந்தால் கிட்டே போகக் கூடாது.

2. சந்தைக்குப் போகும் கொய்யா லாரி ஹாரன் அடிக்கிறது. தலைக்கயிறு உன் கையில்.
கயிற்றைக் கையில் சுற்றியிருந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும், விரலே போகலாம். மடித்து உள்ளங்கையில்தான் பிடிக்க வேண்டும்.

3. தைப்பூசப் பாதயாத்திரைக் கூட்டம். மேளச் சத்தம். நீ குதிரைமேல் இருக்கிறாய்.
கத்தக் கூடாது, இரு வாரையும் இறுக்கி இழுக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பக்க வாரை மெல்ல இழுத்து வட்டமாகத் திருப்ப வேண்டும். பழகுகிறவர்களை அந்த நாட்களில் சாலைக்கே அழைத்துப் போகாதீர்கள்.

4. முன்னால் போன பையன் விழுந்துவிட்டான். குதிரை ஓடுகிறது.
பெரும்பாலான பிள்ளைகள் குதிரையைத் துரத்துவேன் என்பார்கள். முதலில் மற்ற குதிரைகளை நிறுத்த வேண்டும். விழுந்தவனைத் தூக்கி உட்கார வைக்கவோ ஹெல்மெட்டைக் கழற்றவோ கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

தாடைப் பட்டையுள்ள ஹெல்மெட், குதிகால் உள்ள மூடிய ஷூ இரண்டும் கட்டாயம். செருப்புக்கால் அங்கவடியில் நுழைந்து மாட்டிக்கொண்டால், விழுந்தவனைக் குதிரை இழுத்துப் போகும். சேணத்தின் வயிற்றுப் பட்டையைக் கட்டிய உடனும், சில நிமிடம் நடத்திய பிறகும் பாருங்கள். கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. லாய மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். பிள்ளைகளுக்கும் குதிரைகளுக்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

முடிந்தால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு அழைத்துப் போங்கள். எட்ட நின்று காதையும் வாலையும் பார்த்து, எது மிரளப்போகிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும். அதைச் சரியாகச் சொல்கிற பிள்ளையை முதலில் ஏற்றுங்கள்.