சொந்தப் பக்கமும் ஓயாத மராமத்தும்

பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு வரியும் எழுதாமல் எழுந்து போகும் பையனைப் போன்றவர்கள் என்று, சொந்தமாக வலைப்பூ நடத்தும் கம்ப்யூட்டர் பிரியர்களைப் பரிகாசம் செய்வது உண்டு. பரிகாசம் முழுவதும் பொய்யல்ல. வருஷத்தில் நான்கு கட்டுரை எழுதுவார். நான்கில் மூன்று, வலைப்பூவைத் தாம் எப்படிப் புதுப்பித்தார் என்பதைப் பற்றியதாகவே இருக்கும். இன்று எழுத்தின் வடிவத்தை மாற்றுவார். நாளைக்கு ஓரத்து இடைவெளியை நாலு மயிரிழை குறைப்பார். அதற்கடுத்த வாரம் அடித்தளத்தையே பெயர்த்து வேறொரு புரோகிராமின் மேல் கொண்டுபோய் வைப்பார். விடிய விடிய இவர் என்னதான் செய்கிறார் என்பது வீட்டிலுள்ளவர்களுக்கு விளங்காது. விளக்கிச் சொன்னாலும் விளங்காது.

ஆயினும் இந்த மராமத்துக்காரர்களை வேலையற்றவர்கள் என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல. இணையத்தில் எழுதும் கோடிக்கணக்கான ஜனங்கள் இன்று அனுபவிக்கும் சௌகரியங்களில் பல, யாரோ ஒருவர் தமது சொந்தப் பக்கத்தில் கண்ட சிறு குறையைச் சகிக்கமாட்டாமல் அதைச் செப்பனிட உட்கார்ந்ததால் வந்தவை. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒருவர் எழுதியது பத்து, இருபது வருஷம் கழித்தும் படிக்கக் கிடைக்குமா என்பது பெரும்பாலும் இந்த மராமத்தைப் பொறுத்தே இருக்கிறது.

முதல் விஷயத்துக்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் நடந்ததைச் சொல்லலாம். அங்கே மாட் முல்லன்வெக் என்ற கல்லூரி மாணவர் தமது புகைப்படங்களையும் எண்ணங்களையும் வெளியிட ஒரு வலைப்பூ வைத்திருந்தார். அதை இயக்கியது பி2 என்ற புரோகிராம். மிஷேல் வால்ட்ரிகி என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி, யார் வேண்டுமானாலும் உபயோகித்துக் கொள்ளலாம் என்று விட்டிருந்தது. முல்லன்வெக்குக்கு அச்சு நேர்த்தியில் ஆசை அதிகம். டைப்ரைட்டரில் மேற்கோள் குறி நேர்க்கோடாகத்தான் விழும். அச்சடித்த புத்தகத்திலோ அது அழகாக வளைந்து, திறப்பது ஒரு மாதிரியும் மூடுவது ஒரு மாதிரியுமாக இருக்கும். தமது பக்கத்திலும் அப்படி இருக்கவேண்டும் என்று அவர் விரும்பினார். இந்த அற்ப விஷயத்துக்காக ஒரு சிறு நிரல் எழுதிச் சேர்த்தார். பரிகாசக்காரர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது!

இதற்கிடையில் வால்ட்ரிகியிடமிருந்து மாதக்கணக்கில் தகவல் இல்லை. புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. 2003 ஜனவரியில் முல்லன்வெக் தமது வலைப்பூவிலேயே இந்தச் சங்கடத்தை எழுதினார். எழுதியவரையே காணோம், இனி என்ன செய்வது என்ற கேள்விக்கு அவரே ஒரு விடையும் கண்டிருந்தார். பி2 வெளிவந்த லைசென்ஸ், அந்த நிரலை யாரும் எடுத்துத் திருத்தி வெளியிடலாம், திருத்தியதையும் அதே நிபந்தனையில் பிறருக்குத் தரவேண்டும் என்று சொல்லும் லைசென்ஸ். ஆகவே விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மறுநாளே இங்கிலாந்திலுள்ள ஸ்டாக்போர்ட்டிலிருந்து மைக் லிட்டில் என்பவர், உண்மையிலேயே தொடங்குவதானால் தாமும் வருவதாகப் பதில் எழுதினார். அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் இருந்த அந்த இருவரும் அவ்வருஷம் மே 27-ந் தேதி வெளியிட்டதுதான் வோர்ட்பிரஸ். முல்லன்வெக்குக்கு அப்பொழுது வயது 19.

2021-ம் ஆண்டில் உலகத்திலுள்ள இணையதளங்களில் 100-க்கு 40-க்கு மேல் அந்தப் புரோகிராமின் மேல் நின்றன. பத்திரிகைகள், பல்கலைக்கழகங்கள், கடைகள், சர்க்கார் இலாகாக்கள் எல்லாம் அதில் அடக்கம். மேற்கோள் குறி வளையவில்லை என்று ஒரு பையன் மனக்குறைப்பட்டதில் தொடங்கிய காரியம் இது.

ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை. 2004-ல் ஜான் குரூபர் என்ற அமெரிக்க வலைப்பூக்காரர், கட்டுரைக்கு நடுவே கோண அடைப்புகளும் கட்டளைச் சொற்களுமாக எழுதவேண்டியிருந்த தொல்லை பொறுக்காமல், சாதாரணக் கடிதம் எழுதுவது போலவே எழுதினால் போதும், மற்றதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்ற முறை ஒன்றை வகுத்து வெளியிட்டார். தடித்த எழுத்து வேண்டிய சொல்லுக்கு இரு பக்கமும் இரட்டை நட்சத்திரக் குறி, தலைப்புக்கு முன்னால் ஒரு வேலிக் குறி, இவ்வளவுதான். மார்க்டவுன் என்று பெயர். யோசனை சொல்லி உதவியவர் ஆரன் சுவார்ட்ஸ் என்ற இளைஞர். புரோகிராம் எழுதுகிறவர்களின் குறிப்புகள் முதல் இன்றைய செயற்கை அறிவு யந்திரங்கள் தரும் பதில்கள் வரை அந்த முறையில்தான் அமைகின்றன. குரூபர் இதைச் செய்தது தமது சொந்தப் பக்கத்துக்கு எழுதும் சிரமத்தைக் குறைப்பதற்காக.

நாலு வருஷம் கழித்து டாம் பிரஸ்டன்-வெர்னர் என்பவர், வோர்ட்பிரஸ் போன்ற சிக்கலான புரோகிராம்கள் தமக்கு அலுத்துவிட்டன என்று எழுதி, ஜெகில் என்ற கருவியை வெளியிட்டார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஹோட்டல் சமையலறையைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். வோர்ட்பிரஸ் முறை, தோசைக்கல் முறை. வாசகர் வந்து கேட்ட பிறகுதான் கட்டுரையைப் பெட்டியிலிருந்து எடுத்து, தலையும் வாலும் சேர்த்துப் பக்கமாக வார்த்துக் கொடுக்கும். கூட்டம் அதிகமானால் கல்லடியில் நிற்பவர் திணறிப் போவார். பெட்டியின் பூட்டு சரியில்லை என்றால் திருடனும் உள்ளே வந்துவிடுவான். ஜெகில் முறையில் எல்லாப் பக்கங்களும் காலையிலேயே இட்லி போல வேகவைத்துத் தட்டில் அடுக்கப்பட்டு விடுகின்றன. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கவேண்டியதுதான். ஆயிரம் பேர் சேர்ந்து வந்தாலும் சின்ன சர்வர் தாங்கும். கட்டுரைகளோ சாதாரண எழுத்துக் கோப்புகளாக எழுதியவரின் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றன. இந்தக் கடைசி லாபத்தின் அருமை, ஆபத்து வந்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது.

அந்த ஆபத்து இன்னது என்பதை ஜியோசிட்டீஸ் சத்திரத்தில் தங்கியிருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1994-ல் தொடங்கிய அந்த ஸ்தாபனம் யாருக்கும் இலவசமாக இணையத்தில் இடம் கொடுத்தது. ஊர் போலவே பேட்டைகள் பிரித்துப் பேட்டைகளுக்குப் பெயரும் வைத்திருந்தார்கள். லட்சக்கணக்கானோர் குடியேறினார்கள். பூனைக்குட்டியின் படம், பாட்டியின் சமையல் குறிப்பு, அபூர்வ நோயைப் பற்றித் தாமே சேர்த்த தகவல், இறந்துபோன குழந்தைக்கு ஒரு நினைவுப் பக்கம், இப்படி வேறெங்கும் அச்சேறாத எழுத்து அங்கே குவிந்தது. 1999-ல் யாஹூ ஸ்தாபனம் ஏறத்தாழ 350 கோடி டாலருக்கு அதை வாங்கியது. பத்து வருஷம் சென்று, 2009 அக்டோபரில் மூடிவிட்டது. முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்தது வாஸ்தவம். ஆனால் மறந்துபோனவர்களும், முகவரி மாறியவர்களும், செத்துப்போனவர்களும் நோட்டீஸைப் படிப்பது எப்படி? தொண்டர்கள் சிலர் இரவு பகலாக உட்கார்ந்து முடிந்த மட்டும் பிரதி எடுத்தார்கள். மற்றது போனது போனதுதான்.

இது பழங்கதை என்று தள்ளுவதற்கும் இல்லை. 2003-ல் தொடங்கிய டைப்பேட் என்ற வலைப்பூ ஸ்தாபனம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் 2025 செப்டம்பர் 30-ந் தேதியுடன் மூடப்பட்டது. குடியிருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சுமார் ஒரு மாதம். இருபது வருஷத்து எழுத்தை ஒரு மாதத்தில் மூட்டை கட்டவேண்டியிருந்தது. இது காசு வாங்காத சத்திரமும் அல்ல. சந்தா கட்டி இருந்த இடம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதற்கும் மேலே ஒரு கஷ்டம் இருந்தது. 1990-களில் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துக்கு ஒரே முறை வழக்கில் இல்லை. ஒரு பட்டியலில் 256 இடம். முதல் பாதி ஆங்கில எழுத்துகளுக்கும் எண், குறிகளுக்கும் போக, மீதிப் பாதியில் தமிழை அடைத்தார்கள். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதை எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தம் தம் இஷ்டப்படி வைத்தார்கள். திஸ்கி என்று ஒன்று, டாம் என்று ஒன்று, டாப் என்று ஒன்று, பெயரில்லாதவை எத்தனையோ. குறிப்பிட்ட எழுத்துரு வாசகரின் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால், கதையும் கவிதையும் தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக விழும். முகப்பிலேயே, முதலில் எழுத்துருவை இறக்கிக்கொண்டு பிறகு வாருங்கள் என்று அறிவிப்பு எழுதிவைத்த பக்கங்கள் அநேகம். பிறகு யூனிகோடு பரவியது. அதில் தமிழுக்கென்று தனியாக 128 இடங்கள். உலகத்தில் வேறு எந்தப் பாஷையும் அந்த இடங்களில் குறுக்கிடாது.

அந்தச் சமயத்தில் தமது பக்கத்தை ஓயாமல் நோண்டிக்கொண்டிருந்தவர்கள் செய்த காரியத்தைக் கவனிக்கவேண்டும். பழைய முறையில் எழுதியதைப் புதிய முறைக்கு மாற்றும் சிறு புரோகிராம்களை எழுதி, இலவசமாகப் பிறருக்கும் கொடுத்து, தங்கள் கட்டுரைகளை ஒவ்வொன்றாக மாற்றி ஏற்றினார்கள். மாற்றிய இடத்தில் ஒற்றெழுத்து ஓடிப்போனதா, கொம்பு இடம் மாறியதா என்று வரி வரியாகச் சரிபார்த்தார்கள். அதைச் செய்தவர்களின் எழுத்து இன்று செல்போனில்கூடத் தெளிவாகத் தெரிகிறது, தேடினால் அகப்படுகிறது. எழுதிவிட்டோம், கடமை தீர்ந்தது என்று போட்டது போட்டபடி விட்டவர்களின் எழுத்து, அழியாமல் இருக்கிற இடத்திலும் படிக்க முடியாமல் கிடக்கிறது. அவர்களில் சிலர் மிகவும் நன்றாக எழுதியவர்கள் என்பதுதான் துக்கம்.

ஆகவே, வலைப்பூவை நோண்டுவது வீண் வேலையா என்று கேட்டால், எதை நோண்டுகிறார் என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. சொந்தமாக ஒரு முகவரிப் பெயரை வாங்கி வைத்துக்கொள்வது பெரிய செலவல்ல. அந்தப் பெயர் கையில் இருந்தால் இடம் கொடுத்தவர் கடையை மூடினாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போய் அதே பெயரில் கதவைத் திறக்கலாம். வாசகருக்கு மாற்றமே தெரியாது. ஆனால் வருஷா வருஷம் பணம் கட்ட மறந்தால் பெயர் ஏலத்துக்குப் போய்விடும். எழுதியதெல்லாம் சாதாரணக் கோப்புகளாகச் சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, வெளியூரிலோ வேறொருவர் பொறுப்பிலோ ஒரு பிரதி இருக்கவேண்டும். பழைய கட்டுரையின் முகவரியை மாற்றினால், அதற்கு வழிகாட்டி வைத்திருந்த மற்றப் பக்கங்களின் வழியெல்லாம் முட்டுச்சந்தாகிவிடும். மாற்றத்தான் வேண்டுமென்றால் பழைய வாசலில் புது இடத்தைச் சொல்லி ஓர் ஆளை நிறுத்தி வைப்பது போல, திருப்பிவிடும் ஏற்பாட்டையும் செய்யவேண்டும். இவற்றில் கழிக்கிற ராத்திரிகளை யாரும் குறை சொல்வதற்கில்லை.

வர்ணத்தையும் எழுத்துருவையும் மாற்றிக்கொண்டே இருப்பவர் விஷயம் வேறு. அதிலும்கூட அவர் எதையோ கற்றுக்கொள்கிறார் என்று விட்டுவிடலாம். ஹூஸ்டன் மாணவரின் மேற்கோள் குறியை நினைத்தால் கொஞ்சம் பொறுமையும் வருகிறது. ஆனால் பக்கம் தயாரான பிறகு எழுதுகிறேன் என்று சொல்லி, மூன்று வருஷமாகப் பக்கத்தைத் தயாரித்துக் கொண்டிருப்பவரிடம் அந்தப் பொறுமை செல்லாது. முல்லன்வெக்கும் குரூபரும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். எழுதும்போது எங்கே இடறிற்றோ அங்கேதான் அவர்கள் செப்பனிட்டார்கள்.

பிரதி எடுத்து வைக்கும் வேலையை இந்தத் துறையின் மூலபுருஷர்களே தவறவிட்டிருக்கிறார்கள். உலகத்தின் முதல் இணையப் பக்கத்தை ஜினீவா நகரத்துக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் அமைத்தார். அதை வைத்திருந்த கம்ப்யூட்டரின் மேல், இது சர்வர், யாரும் அணைக்கவேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். பக்கத்தை அடிக்கடி திருத்திக்கொண்டே வந்ததால் அது முதலில் எப்படி இருந்தது என்பதற்குப் பிரதி இல்லாமல் போயிற்று. 2013-ல் செர்ன் ஸ்தாபனம் அதன் பழைய முகவரியிலேயே மறுபடியும் ஒரு பிரதியை வைத்தபோது, கையில் அகப்பட்டது 1992-ம் ஆண்டுப் பிரதிதான். செய்தி வெளிவந்த பிறகு, அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பால் ஜோன்ஸிடம் 1991-ம் ஆண்டுப் பிரதி இருப்பது தெரிய வந்தது. அவர் அதை அத்தனை வருஷமும் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றி மாற்றி வைத்து வந்திருந்தார்.